அம்மாவைக் கேட்காதீர்கள், என்னைக் கேளுங்கள்

எனக்கு 36 வயது. திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. நாற்பது ஐம்பது கடைக்காரர்களின் ஜிஎஸ்டி ரிட்டர்ன் என் கையால்தான் போகிறது. ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அது அவர்களுக்கும் தெரியும். வாடகை கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன், அப்பாவின் பென்ஷன் வேலையை நானே அலைந்து முடித்தேன். ஆனால் ஆட்டிசம் என்று சொல்லிக்கொண்டு உங்கள் அறைக்குள் வந்தால் அந்த நிமிடமே நான் குழந்தையாகிவிடுகிறேன். "குழந்தை நைட் தூங்குறாளாம்மா?" "குழந்தைக்குக் கோபம் வருமா?" கேள்வி அம்மாவுக்குப் போகிறது. நான் அம்மாவுக்கு முன்னால், உங்களுக்கு எதிரே, உங்கள் ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் வாசனை வருகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை, டாக்டர்? எனக்கு வாய் இருக்கிறதே. வாய் இல்லாமலே இருந்தாலும் கை இருக்கிறதே, எழுதிக் காட்டமாட்டேனா?

அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள். அவளுக்குத் தெரிந்தது வெளியில் நடமாடிய நான் மட்டும்தான். கல்யாண வீட்டில் நாதஸ்வரமும் மைக்செட்டும் சேர்ந்து அலறும்போது என் பல்லெல்லாம் கூசியது அவளுக்குத் தெரியாது. கூட்டத்தில் யாரோ தோளை இடித்துவிட்டுப் போனால் அந்த இடம் சாயங்காலம் வரை எரியும், அதுவும் தெரியாது. விவரம் தெரிந்த வயதில் ஒருமுறை சொன்னேன். "எல்லாரும் பொறுத்துக்கிறாங்க இல்ல?" என்றார்கள். அப்படியானால் எல்லாருக்கும் இதே எரிச்சல்தான் போலிருக்கிறது, எல்லாரும் பொறுத்துக்கொள்கிறார்கள், எனக்குத்தான் பொறுமை போதவில்லை என்று நினைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். மூலையில் உட்கார்ந்து பஞ்சாங்கத்தை மனப்பாடம் செய்த ஒரு பையனை யாராவது டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். நான் பெண் பிள்ளை. "எவ்வளவு அடக்கமான பொண்ணு" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். பள்ளியில் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

முதன்முதலாக ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடம் எனக்கு மறக்காது. சுவரெல்லாம் அ ஆ இ ஈ ஸ்டிக்கர். மூலையில் பிளாஸ்டிக் பந்துகள். மேலே டியூப்லைட், அதன் சோக் விடாமல் ரீங்காரம். அந்தச் சத்தம் காதுக்குள் இறங்குகிறது என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று முடித்துவிட்டார் அந்த உளவியலாளர். என் கை துப்பட்டாவின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தது. நான் கவனமாகக் கேட்கும்போது அப்படித்தான் செய்யும். கை ஓடினால்தான் காது ஓடும் எனக்கு. அவர் எட்டி என் கையைப் பிடித்து மேசைமேல் அழுத்தி வைத்தார். "கைய சும்மா வைங்கம்மா." அனுமதி கேட்கவில்லை. வளர்ந்த ஒரு பெண்ணின் கையைத் தொட அனுமதி வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதில் பாதி என் காதில் விழவில்லை. 'கேள்விகளுக்குத் தாமதமாகப் பதிலளிக்கிறார்' என்று ஃபைலில் எழுதினார்.

கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லாக் கண்ணைப் பாத்துப் பேசுறீங்களே, அப்புறம் எப்படி ஆட்டிசம்?"

நான் பார்த்தது உங்கள் கண்ணை இல்லை, மேடம். உங்கள் பொட்டை. ஏழாம் வகுப்பில் "பேசறப்ப மூஞ்சியப் பாரு" என்று ஒரு டீச்சர் கன்னத்தில் அறைந்தார். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கண்ணைப் பார்த்தால் எனக்குச் சொல் வராது; பொட்டைப் பார்த்தால் பார்க்கிற மாதிரி இருக்கும், அடியும் விழாது. ஆண்கள் என்றால் மூக்கு நுனி. இப்படித்தான் சிரிக்க வேண்டிய இடம், தலையாட்ட வேண்டிய இடம், "அப்புறம் சொல்லுங்க" போட வேண்டிய இடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாடம் பண்ணினேன். நாள் முழுக்க அந்தப் பாடத்தை ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் விளக்கைப் போட முடியாது. தரையில் படுத்துக் கிடப்பேன். பேச்சு வராது. வராது என்றால் பேச மனமில்லை என்பதில்லை. தொண்டையில் சொல்லே இருக்காது. இதை நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

நம் நாட்டில் ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் கொடுக்க ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசமே இல்லை. 70 முதல் 106 வரை லேசு, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். கண்ணைப் பார்ப்பதில்லை, பதிலுக்குச் சிரிப்பதில்லை, ஒதுங்கியே இருக்கிறார் என்று போகும் அந்தப் பட்டியல். எதிரே இருப்பவர் பார்த்து மதிப்பெண் போடுவார்; தெரியாததைப் பெற்றோரிடம் கேட்டுப் போடுவார். சத்தமும் வெளிச்சமும் பற்றிய வரிகளும் உண்டு, அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர். அடி வாங்கிச் சிரிக்கப் பழகியவளுக்கு அதில் மதிப்பெண் எங்கிருந்து வரும்? எனக்கு 70 தொடவில்லை. சான்று கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். உங்களைச் சங்கடப்படுத்தாமல் நடந்துகொண்டதற்கு எனக்குக் கிடைத்த கூலி அது.

சான்றிதழ் போனால் போகட்டும். உயிர் போகப் பார்த்ததை யாரிடம் சொல்ல?

போன வருஷம் ஒரு ராத்திரி அடிவயிற்றில் வலி. வலி அதிகமாக அதிகமாக என் முகம் வெறிச்சோடிவிடும், குரல் தட்டையாகிவிடும். என் உடம்பு அப்படி. ஒரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் உட்கார்ந்து, "வலது பக்கம் கீழே, ஆறு மணி நேரமாக, தொடைவரை இழுக்கிறது" என்று வரிசையாகச் சொன்னேன். எனக்கு ஆட்டிசம் என்பதையும், அதனால் வலி முகத்தில் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். பணியில் இருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு வலி இருந்தா இப்படி உக்காந்து கதை சொல்ல முடியுமா? கேஸ்தான். டென்ஷன் பார்ட்டி போல." ஓர் ஊசி, இரண்டு மாத்திரை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் வேறொரு இடத்தில் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. முந்தின ராத்திரி பக்கத்துப் படுக்கையில் அலறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை உடனே ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்களே. அலறத் தெரிந்திருந்தால் என்னையும் கூட்டிப் போயிருப்பார்கள். நான் அலறவில்லை, தகவல் சொன்னேன். நோயாளி தெளிவாகச் சொன்ன தகவலை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கத் தெரியாதவருக்கு எதற்கு அந்த வெள்ளைக் கோட்டு?

இது திருச்சியின் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம், 2016 நவம்பர். ஆலிவர் மெக்கோவன் என்று ஒரு பிள்ளை, 18 வயது. ஆட்டிசம், வலிப்பு, லேசான கற்றல் குறைபாடு. மனநோய் மருந்து தனக்கு வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். பெற்றோரும் கொடுக்காதீர்கள் என்று மன்றாடினார்கள். வலிப்புக்காகச் சேர்க்கப்பட்டவன் மிரண்டு போயிருந்தான். மிரட்சியைப் பார்த்து ஒலான்சபின் என்ற மனநோய் மருந்தையே கொடுத்தார்கள். அந்த மருந்தின் கொடிய பக்கவிளைவு தாக்கி, மூளை வீங்கி, செத்துப்போனான். அவன் தாய் பவுலா சும்மா இருக்கவில்லை. அவள் போராடிய பிறகுதான் 2022இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது: மருத்துவ, பராமரிப்பு நிறுவனங்களின் பணியாளர்கள் ஆட்டிசம் பற்றியும் கற்றல் குறைபாடு பற்றியும் பயிற்சி பெற்றே ஆகவேண்டும். பயிற்சிக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். 'எனக்கு வேண்டாம்' என்று ஒருவன் சொன்னால் நின்று கேளுங்கள் என்று படித்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பிள்ளை சாக வேண்டியிருந்தது. நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் சொல்லுக்கு ஏன் இந்த மரியாதை? நீங்கள் படித்த பாடத்திலேயே நாங்கள் சரிசெய்யப்பட வேண்டிய பண்டமாகத்தான் இருக்கிறோம். கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. 19 குழந்தைகளில் 9 பேர், அதாவது 47 சதவீதம், 'இயல்பாகிவிட்டார்கள்' என்றார் அவர். அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அறையும் இருந்தன என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. அளந்தது எதை? ஐக்யூவையும், எந்த வகுப்பில் சேர்ந்தார்கள் என்பதையும். அந்த ஒன்பது பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்ன ஆனார்கள் என்று யார் அளந்தார்கள்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓர் இல்லத்தில், வயதுவந்த ஆட்களுக்கும் தோலில் மின்னதிர்ச்சி கொடுத்து 'நடத்தையைத் திருத்தினார்கள்'. அந்தக் கருவியை 2020இல் அரசு தடைசெய்தது. 2021இல் நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கி எறிந்தது. நம் ஊர் தெரபி சென்டர்களில் மின்சாரம் இல்லை. 'ஹேண்ட்ஸ் டவுன்', 'லுக் அட் மீ' இருக்கிறது. என் கையை அழுத்திய அந்தக் கை அங்கேதான் பழகியது.

ஆட்டிசம் என்று முதன்முதலில் பெயர் சூட்டப்பட்ட பிள்ளை என்ன ஆனான் தெரியுமா? 1943இல் லியோ கேனர் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள். முதலாவது, மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரின் டோனல்ட் டிரிப்லெட். அவர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், கார் ஓட்டினார், தனியாகவே ஊர் ஊராகச் சுற்றினார், 2023இல் 89 வயதில் காலமானார். வசதியான குடும்பம், அந்த வங்கியே வீட்டாருடையது. அது எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் அந்த ஊர் அவரைத் திருத்த முயலவில்லை. எண்களை முணுமுணுத்துக்கொண்டும் ஆட்களுக்கு எண் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டும் அவர் அவராகவே நடமாடினார், ஊரும் பழகிக்கொண்டது. இந்த ஒரு வாழ்க்கை உங்கள் பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் வருகிறது?

எங்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது என்பீர்கள். அதை மேடைபோட்டுச் சொல்கிறீர்கள். தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இலேயே திருப்பிக் கேட்டார்: எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்றால், உங்களுக்கு எங்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறை மட்டும் எப்படி ஒரு பக்கமாயிற்று? 2020இல் எடின்பரோ ஆய்வாளர்கள் சோதித்தே காட்டினார்கள். எட்டெட்டுப் பேராக வரிசை. முதல் ஆளிடம் ஒரு கதை; அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையில் போன அளவுக்கே சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டு வகையினரையும் கலந்து நிறுத்தியபோதுதான் கதை வழியில் அதிகமாகச் சிந்தியது. நாங்கள் ஒருவருக்கொருவர் பேசினால் விளங்குகிறது. உங்களோடு பேசும்போது உடைகிறது. உடையும் இடத்தில் நீங்களும் நிற்கிறீர்கள், டாக்டர். ஆனால் சோஷியல் ஸ்கில்ஸ் வகுப்புக்கு என்னை மட்டும் அனுப்புகிறீர்கள்.

இதெல்லாம் மனத்தாங்கல் விஷயம் மட்டும் என்றால் இத்தனை ஆத்திரப்படமாட்டேன். 2014இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று இருக்கிறது. வளர்ந்த பிறகு ஆஸ்பெர்கர் என்ற ஆட்டிச வகை கண்டறியப்பட்ட 374 பேரைக் கேட்டார்கள். செத்துவிடலாம் என்று எண்ணியிருந்தவர்கள் 66 சதவீதம். அதற்குத் திட்டமிட்டவர்கள் அல்லது முயன்றவர்கள் 35 சதவீதம். 2016இல் வந்த ஸ்வீடன் ஆய்வில் எங்களைப் போன்றவர்கள் சராசரியாக 16 வருஷம் முன்னதாகவே இறந்துபோயிருக்கிறார்கள். பதினாறு வருஷம்! இத்தனை பேர் சாவைப் பற்றி யோசிக்கிறார்கள் என்றால் அவர்களை இரவெல்லாம் எது தின்கிறது என்று உட்கார்ந்து கேட்க வேண்டாமா? என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? ஒரு மனநல மருத்துவர், தூக்கமில்லை என்று போனவளிடம், அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாப் போயிடும்." யாருக்குச் சரியாகப் போகும்? கட்டிக்கொள்கிறவனுக்கும் இது தெரிய வேண்டும் என்றேன். "அதெல்லாம் சொல்லாதீங்க" என்றார். மருந்துச் சீட்டு எழுதும் கையால் ஒரு பொய்க்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மாற்றிக்கொள்ள முடியாது, எங்களுக்கு நேரம் இல்லை, நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். முடியும். ஒருவர் செய்து காட்டினார், அதனால் சொல்கிறேன். கடைசியில் எனக்கு ஆட்டிசம் என்று கண்டறிந்தவர் அவர்தான். என்னென்ன கேட்கப்போகிறார் என்பதை இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூட்டம் இல்லாத முதல் நேரத்தைக் கொடுத்தார். உள்ளே போனதும், "லைட் இப்படி இருக்கலாமா, அணைக்கட்டுமா?" டியூப்லைட்டை அணைத்து ஒரு டேபிள் லேம்ப்பைப் போட்டார். "பேசுறீங்களா, எழுதித் தர்றீங்களா?" நான் பேச்சை நிறுத்திவிட்டு யோசித்தபோது இடையில் புகவில்லை. துப்பட்டா முறுகிக்கொண்டே இருந்தது, அவர் பார்வை அந்தப் பக்கம் போகவே இல்லை. அம்மா உள்ளே வரலாமா என்று என்னைத்தான் கேட்டார். சின்ன வயசு விவரங்களுக்காக அம்மாவிடம் பேசியபோதும் எனக்கு முன்னால் பேசினார், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று என் பக்கம் திரும்பினார். என் வாழ்நாளில் ஒரு டாக்டரின் அறையில் பொட்டைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தபடி பேசியது அன்றைக்குத்தான். அவருக்குச் செலவு ஒரு டேபிள் லேம்ப்.

இது அவர் கண்டுபிடித்த தயவு இல்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்களைப் பார்க்கும் முறை பற்றி இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2012இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்கிறது, சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறது, உட்காருமிடத்தில் ஒரு கை தூரமாவது இடைவெளி விடச் சொல்கிறது, சுவருக்கு என்ன நிறம் என்பதுவரை சொல்கிறது. நம் நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆட்டிசம் இருக்கிறது. ஒருவருக்கு ஏற்றபடி நியாயமான மாற்றங்கள் செய்து தரவேண்டும் என்று அது சொல்கிறது. மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி எங்களுக்கும் உண்டு என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் படிக்காமலே, 18 முடிந்த மறுநாளே "லீகல் கார்டியன் போட்டுடுங்க" என்று பெற்றோரிடம் சொல்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பேசமாட்டான், டேப்லெட்டில் தானே தட்டித்தான் எதையும் சொல்வான். அவனுக்குப் பாதுகாவலர் போடும் பேச்சு அவன் எதிரிலேயே நடந்தது. அவன் தட்டிக்கொண்டே இருந்தான், யாரும் திரையைப் பார்க்கவில்லை. தட்டும் வேகம் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் டேப்லெட்டை எறிந்தான். "அக்ரெஷன்" என்று எழுதி மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். திரையில் அவன் 'நான் இங்க இருக்கேன்' என்று தட்டியிருந்ததை அவன் அக்காதான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள்.

ஏப்ரல் 2 வந்தால் உங்கள் வளாகத்தில் நீல பலூன் கட்டுகிறீர்கள், குழந்தைகளை வைத்து நடைப்பயணம் விடுகிறீர்கள். பேனரில் எல்லாமே ஐந்து வயது முகங்கள். அந்தப் பிள்ளைகள் வளரவே மாட்டார்களா? வளர்ந்தவர்கள் இந்த ஊரில் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? கவலை, மனச்சோர்வு, "ஓவர் சென்சிட்டிவ்" என்று வேறு வேறு பெயரில் உங்கள் ஓபி வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

என் ஃபைலில் 'சிகிச்சை இலக்குகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'கண் தொடர்பு மேம்பாடு, சமூகத்தில் கலந்து பழகுதல், திருமணத்துக்கு ஆயத்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். யார் இலக்கு இது? என்னை ஒரு வார்த்தை கேட்டதுண்டா? நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பிரிண்டர் பக்கத்திலிருந்து என் நாற்காலியை நகர்த்தித் தரச் சொல்லி ஒரு கடிதம் வேண்டும். அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போன் பண்ணச் சொல்லாமல் மெசேஜில் தர வேண்டும். பல் டாக்டர் வாயில் கை வைப்பதற்கு முன்னால் வைக்கப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். வலிக்கிறது என்று நான் சொன்னால், என் முகம் எப்படி இருந்தாலும், வலிக்கிறது என்று எழுத வேண்டும். ராத்திரி தூங்க வேண்டும். பழைய மூன்று வரியை அடித்துவிட்டு இவற்றை அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். என் முன்னால் எழுதி, எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுங்கள். சரி என்று நான் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.